என் ரத்தம் என் மேசைக்கே வந்த கதை

1

கல்லூரித் தோழி பத்மா போன மாதம் போன் செய்தாள். எங்கள் குடியாத்தம் கல்லூரியின் பழைய மாணவிகள் போடுகிற ஆண்டு மலரில் ‘கடல் கடந்தோர்’ என்று ஒரு பகுதி உண்டு. சிங்கப்பூர் சாந்தி, நியூஜெர்சி கீதா எல்லாரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள், இந்த வருடம் நீ எழுது பரிமளா என்றாள்.

“நான் எங்கடி கடல் தாண்டினேன்? ஜோலார்பேட்டை தாண்டினேன், அவ்வளவுதான்.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. உம் பொண்ணுக்குத் தமிழ் எழுத வருமா?”

“வராது.”

“அப்ப நீயும் வெளிநாடுதான். எழுது.”

பத்மா கணக்கு வாத்தியாரின் மகள். அவளிடம் வாதாடி நான் ஜெயித்ததே இல்லை. காலையில் குடியாத்தத்தில் ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் பெங்களூரு வந்துவிடலாம். இதைப் புலம்பெயர்தல் என்று சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் மகள் நித்யா தன் தாத்தாவுக்குக் கடிதம் எழுதினால் தமிழைக் கன்னட எழுத்தில்தான் எழுதுவாள். அப்பா அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பேக்கரிக்குப் போவார். பேக்கரிக்காரர் மங்களூர்ப் பக்கத்து மனிதர். அவர் எழுத்துக்கூட்டி உரக்கப் படிப்பார், பாதி அவருக்கே புரியாது. கேட்டுக்கொண்டிருக்கிற அப்பாவுக்கு எல்லாம் புரிந்துவிடும். இரண்டு பன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

இந்த நவம்பரோடு நான் இங்கு வந்து பதினைந்து வருடம் ஆகிறது. சாந்தியும் கீதாவும் பனியைப் பற்றியும் இட்லி மாவு புளிக்காததைப் பற்றியும் எழுதியாகிவிட்டது. எனக்கு இங்கே மாவு நன்றாகவே புளிக்கிறது. ஆகவே நான் என் ரத்தத்தைப் பற்றி எழுதுகிறேன்.

2

தொண்ணூற்றொன்றில் கல்யாணமாகிப் பொம்மனஹள்ளிக்கு வந்தேன். கணவர் சேகருக்கு ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. வீட்டுச் சொந்தக்காரர் ரத்னம்மா, கன்னடக்காரர். நான் வந்த மறுமாதமே காவிரித் தண்ணீருக்காக ஊர் பற்றி எரிந்தது. ரத்னம்மா விறுவிறுவென்று எங்கள் வீட்டுக்குள் வந்து, சுவரில் தொங்கிய தமிழ்த் தினசரிக் காலண்டரைக் கழற்றி எடுத்துப்போய்த் தன் அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தார். “ஒரகடே தமிழ் மாத்தாடபேடம்மா” என்றார். வெளியே தமிழ் பேசாதே என்று அர்த்தம். அப்போது எனக்கு அதுகூடப் புரியவில்லை, பயந்து தலையாட்டினேன்.

பத்து நாள் கழித்துக் காலண்டர் திரும்பி வந்தது. அன்றைய தேதி வரை தாள்கள் ஒழுங்காகக் கிழிக்கப்பட்டிருந்தன. தமிழில் ஓர் எழுத்தும் தெரியாத மனுஷி, தினம் காலையில் மறக்காமல் எங்களுக்காகக் கிழித்திருக்கிறார்.

கன்னடம் எனக்கு மெதுவாகத்தான் வந்தது. வந்தபிறகு போகமாட்டேன் என்றது. ஒருமுறை குடியாத்தத்தில் அம்மா சோறு போட்டுக்கொண்டே இருக்க, நான் “சாக்கு, சாக்கு” என்று கையை நீட்டித் தடுத்தேன். போதும் போதும் என்பதற்குக் கன்னடம் அது, தமிழில் சொல்வதாக என் நினைப்பு. “எதுக்குடி சாக்கு, மிச்சத்தைக் கட்டிக்கினு போறியா?” என்றாள் அம்மா. வீடே சிரித்தது. எனக்கு மட்டும் கொஞ்சம் சுருக்கென்றது.

ரேஷன் கார்டு கதை இன்னும் மோசம். குடியாத்தம் கார்டில் பெயர் நீக்கிய சான்று கொண்டு வந்தால் புது கார்டு தருவோம் என்றார்கள் இங்கே. புது விலாசத்துக்கு அத்தாட்சி காட்டினால் பெயர் நீக்குவோம் என்றார்கள் அங்கே. இப்படி ஏழு வருடம் போனது. கடைசியில், “தெருவுல இருக்கிற சங்கத்துச் செக்ரட்டரிகிட்ட ஒரு லெட்டர் வாங்கி வாங்க” என்று ஒரு புண்ணியவான் வழி சொன்னார். செக்ரட்டரி நஞ்சுண்டப்பா லெட்டரைத் தாராளமாகவே கொடுத்தார். கொடுத்துவிட்டு, “பானுவார ராஜ்யோத்சவக்கே ரக்ததானா இதெ. நீவு பரபேக்கம்மா” என்றார். ஞாயிற்றுக்கிழமை, கர்நாடகம் பிறந்த நாளான ராஜ்யோத்சவத்துக்கு ரத்ததான முகாம், நீங்கள் வரவேண்டும் என்று. லெட்டர் கையில் இருக்கும்போது எப்படி முடியாது என்பது?

போனேன். சிவப்பு மஞ்சள் தோரணத்துக்குக் கீழே ஒரு பெஞ்சில் படுக்கவைத்து எடுத்தார்கள். என் ரத்தப் பிரிவு ஏபி நெகட்டிவ். அபூர்வமான பிரிவு என்று ரத்த வங்கிப் பெண் இரண்டு தடவை சொன்னாள். வாழைப்பழம், குளுக்கோஸ் பிஸ்கட், ஒரு ஸ்டீல் டம்ளர், பை எண் எழுதிய ஒரு கார்டு. கார்டைச் சேகர் பிஎஃப் காகிதங்கள் வைக்கிற தகரப் பெட்டியில் போட்டார். நான் மறந்துவிட்டேன்.

3

இப்போது என் வேலையைச் சொல்லவேண்டும். பயப்படாமல் படியுங்கள்.

கல்யாணத்துக்கு முன் குடியாத்தத்தில் ஒரு டாக்டரின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இரண்டு வருடம் இருந்தேன். ஒருநாள் எங்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த கஸ்தூரி டீச்சர், பத்து நாளாக ஜுரம் விடவில்லை என்று வந்தார். விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் ரத்தத்தைத் தேய்த்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். வெள்ளை அணுக்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் இருக்கும். டீச்சரின் ரத்தத்தில் அவை மட்டுமே இருந்தன. அத்தனையும் முதிராதவை. ரத்தப் புற்றுநோய். டீச்சர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, “இன்னா பரிமளா, டைபாய்டா?” என்று கேட்டார். “டாக்டர் சொல்வாரு டீச்சர்” என்றேன். சீட்டில் எண்ணிக்கையை மட்டும் எழுதிக் கொடுத்தேன். வேலூருக்கு அனுப்பினார்கள். தீபாவளி வரைகூட இல்லை.

எண்ணிக்கை எழுதுவதைத் தவிர வேறு ஏதாவது செய்யவேண்டும் என்ற வெறி அன்று வந்தது. நித்யாவைப் பள்ளியில் சேர்த்தபிறகு, பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் ஒப்பந்த டெக்னீஷியன் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். ரத்தப் புற்றை உண்டாக்குகிற ஒரு வைரஸைப் பற்றிய ஆராய்ச்சி என்று விளம்பரத்தில் இருந்தது. எழுதிப்போட்டேன், கிடைத்தது. அந்த ரத்ததான முகாமுக்கு இரண்டு வருடம் முன்பு இது.

அந்த வைரஸ் விசித்திரமானது. பலருடைய உடம்பில் வாழ்நாள் முழுக்கச் சும்மா கிடக்கும். சிலருக்கு மட்டும், எத்தனையோ வருடம் கழித்து, நோயாக மாறும். ஏன் சிலருக்கு மட்டும் என்பதுதான் கேள்வி. அது தனியாகப் பயணம் செய்யாது. நோய் எதிர்ப்பு அணு ஒன்று இன்னொன்றோடு ஒட்டி நின்றால்தான் இதிலிருந்து அதற்குத் தாவும். ஆகவே ஆய்வகத்தில் நாங்கள் அப்படி ஒட்ட வைப்போம். வைரஸ் உள்ள பழைய அணுக்கள், வெளிநாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து எப்போதோ எடுத்தவை, எங்களிடம் இருந்தன. அவை மேற்கொண்டு பெருகாதபடி கதிர்வீச்சு கொடுப்போம். ரத்த வங்கியிலிருந்து வருகிற புது ரத்தத்தின் வெள்ளை அணுக்களோடு அவற்றைக் குடுவையில் கலப்போம். பழையவை சில நாளில் செத்துவிடும். அதற்குள் வைரஸ் புதியவற்றுக்குத் தாவியிருக்கும். அப்புறம் தினமும் போஷாக்குத் திரவம் மாற்றிப் பிள்ளை வளர்ப்பதுபோல் வளர்க்கவேண்டும். திரவம் இளஞ்சிவப்பாக இருக்கும். அணுக்கள் தின்று பெருகினால் மஞ்சளாகும். காலையில் இன்குபேட்டரைத் திறந்ததும் மஞ்சள் தெரிந்தால் அன்றைக்குச் சந்தோஷம்.

ரத்த வங்கிக்கு நோயாளிகளுக்காகச் சிவப்பு அணுக்கள் வேண்டும், தெளிந்த நீர் வேண்டும். நடுவில் மெல்லிய வெள்ளைப் படலம் ஒன்று நிற்கும், அது வேண்டாம். அதைத்தான் எண் மட்டும் போட்ட சிறு பைகளில் எங்களுக்குத் தருவார்கள். பெயர் இருக்காது.

எங்கள் தலைவர் டாக்டர் ஹெக்டே. மெட்ராஸில் எட்டு வருடம் ஹாஸ்டலில் இருந்து படித்தவர், தமிழும் அந்த ஹாஸ்டல் தமிழ்தான். சேர்ந்த முதல் நாளே சுவரில் ஒட்டியிருந்த விதிகளில் ஒன்றைத் தட்டிக் காட்டினார்.

“இங்க வேலை செய்றவங்க ரத்தம் இந்த ரூமுக்குள்ள வரக்கூடாது. ஏன் சொல்லு?”

தெரியவில்லை என்றேன்.

“வேற யாரோட செல்லாவது தப்பித்தவறி உன் உடம்புக்குள்ள போச்சுன்னு வை. உடம்பு ‘யார்றா நீ’ன்னு கேட்கும். அடிச்சுத் தொரத்திடும். உன் செல்லே வைரஸோட திரும்பி வந்தா? நம்ம ஆளுன்னு கதவைத் தொறந்து உள்ள விட்டுடும்மா. அப்புறம் அது உள்ள உட்கார்ந்து வளரும்.”

தலையாட்டினேன். விதி எனக்கு நன்றாகப் புரிந்தது. என் கையை நீட்டி இந்த அறையில் ரத்தம் எடுக்கக்கூடாது, அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

4

ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்தவள் சௌம்யா. சிவமொக்காவிலிருந்து வந்த முனைவர் பட்ட மாணவி. நான் அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பேன், அவள் எனக்குக் கன்னடம். எனக்கு இருந்த கைப்பழக்கம் அவளுக்கு இல்லை, அவளுக்கு இருந்த படிப்பு எனக்கு இல்லை. எட்டு ரத்தப் பைகளில் முயன்றோம். எட்டும் இரண்டு மூன்று மாதத்தில் செத்தன. ஒவ்வொன்று சாகும்போதும் அவள் போய்க் கைகழுவும் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு நிற்பாள். அழுவது வெளியே கேட்காதாம். எங்களுக்குக் கேட்கும்.

ஒன்பதாவது பை ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. நான்தான் பிரித்தேன், நான்தான் கலந்தேன். இரண்டாம் மாதம் குடுவை மஞ்சளானது. மூன்றாம் மாதம் அணுக்கள் கொத்துக்கொத்தாகச் சேர்ந்தன. ஐந்தாம் மாதம், வளர்ச்சிக்கு ஊற்றுகிற விலை உயர்ந்த புரதத்தை நிறுத்திப் பார்த்தோம். அந்தப் புரதம் ஒவ்வொரு முறையும் விமான நிலையச் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும். “இதுக்கு உயிர் இருக்கா இல்லையா, ரெண்டுல ஒண்ணு எழுதுங்க” என்று படிவத்தை நீட்டுவார்கள். அது இல்லாமலே எங்கள் குடுவை வளர்ந்தது. சௌம்யா என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். “அக்கா, நம்து, நம்து!” என்றாள். நம்முடையது என்று.

ஹெக்டே சார் மட்டும் குதிக்கவில்லை. வளர்வது புது ரத்தத்தின் அணுக்கள்தானா, அல்லது சாகாமல் தப்பிய பழைய அணுக்களா என்று நிரூபிக்கவேண்டும். பழைய நோயாளி ஆண். ஆகவே குரோமோசோம் பார்த்தார்கள். குடுவையில் இருப்பது பெண் என்று வந்தது. சரி, ஒன்பதாவது ரத்தம் கொடுத்தவர் பெண்தானா? ரத்த வங்கிக்கு எழுதிக் கேட்டோம். ஒரு வாரத்தில் பட்டியல் வந்தது. பெயர் கிடையாது. பை எண், ஆணா பெண்ணா, வயது, பிரிவு, முகாம் நடந்த இடம்.

சௌம்யா உரக்கப் படித்தாள். “நம்பர் நைன்: பெண். ஏபி நெகட்டிவ். பொம்மனஹள்ளி. அக்கா, உங்க ஏரியா!”

அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. நான் பட்டியலை அவள் கையிலிருந்து வாங்கிப் பார்த்தேன். வயதும் என் வயதுதான்.

5

வீட்டுக்கு வந்ததும் தகரப் பெட்டியைக் கவிழ்த்தேன். கார்டு கிடைத்தது. எண் சரியாக அதே எண்.

ஐந்து மாதமாக நான் சோறூட்டி வளர்த்தது என் அணுக்களை. அதில் அந்த வைரஸை ஏற்றியதும் நான்தான். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம், எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. ஐந்து மாதத்தில் பட்ட ஒவ்வொரு கீறலையும் நினைவுபடுத்திப் பார்த்தேன். அருவாமனையில் வாழைக்காய் நறுக்கும்போது விரலில் வெட்டிக்கொண்டேனே, மறுநாள் கையுறை போட்டேனா? போட்டேன். இரண்டு போட்டேன். ஆனாலும் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

சேகர் கார்டை வாங்கிப் பார்த்தார். விஷயத்தை மூன்று முறை சொல்லவேண்டியிருந்தது.

“இது இன்னா பேஜாரு! யாருக்குத் தெரியும் இது?”

“யாருக்கும் தெரியாது.”

“அப்பக் கிழிச்சிப் போடு. மார்ச்ல உன்னைப் பர்மனென்ட் பண்றேன்னு சொல்லிக்கீறாங்க. இப்பப் போயி வாயைத் தொறந்தா, நீ வெளிய போவணும், இல்லாட்டி அந்தப் பாட்டில் வெளிய போவும். ரெண்டுல எது போனாலும் உனுக்குத்தான் கேடு.”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. நான் போனால் வேலை போகும். குடுவை போனால் சௌம்யாவின் ஆராய்ச்சி போகும். அவள் உதவித்தொகை முடிய ஒரு வருடம்தான் இருந்தது. சிவமொக்காவில் நிச்சயம் செய்த மாப்பிள்ளை வீட்டார், எப்போது முடியும் என்று வாரம் ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேசாமல் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, ஆபத்து எனக்கு மட்டும். அதையும் கையுறை பார்த்துக்கொள்ளும். இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு மூன்று நாள் வேலைக்குப் போனேன். கோழைத்தனம்தான், வேறு பெயர் வைக்க விருப்பமில்லை.

ஆனால் கை கேட்கவில்லை. உறிஞ்சுகுழாயைக் குடுவைக்குள் விடுவதற்குள் இரண்டு முறை எடுத்துக் கீழே வைத்தேன். இத்தனை வருடத்தில் நான் ஒரு சொட்டும் சிந்தியது கிடையாது. மூன்றாம் நாள் ஒரு சொட்டு மேசையில் விழுந்தது. ப்ளீச்சிங் நீர் ஊற்றித் துடைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். சௌம்யா ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அக்கா, புது செல்லுக்குப் பேரு வைக்கணும். வளர்த்தது நீங்க. நீங்களே வைங்க. நான் எழுதறேன்.” கையில் பேனாவும் லேபிளும் வைத்திருந்தாள்.

எனக்கு அழுகைதான் வந்தது. பையிலிருந்த கார்டை எடுத்து அவள் மடியில் வைத்தேன். கிழிக்காமல் ஏன் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அவள் கார்டின் எண்ணைப் பார்த்தாள், பட்டியலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு முதல் காரியமாக என் இரண்டு கைகளையும் பிடித்து உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு எல்லாம் திருப்பிப் பார்த்தாள். “காயம் இதெயா? காயம் ஏதாவது இருக்கா அக்கா?” குடுவையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

6

ஹெக்டே சார் நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, கார்டைப் பட்டியலோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

“தப்பு என்மேலதாம்மா. ரூமுக்குள்ள ரத்தம் எடுக்கக்கூடாதுன்னு எழுதி வச்சேன். ஊரைச் சுத்தி வந்து ஜன்னல் வழியா உள்ள வரும்னு யோசிக்கல.”

உடனே என் ரத்தத்தைப் பரிசோதனைக்கு எடுக்கச் சொன்னார், வேறு கட்டடத்தில். மூன்று மாதம் கழித்து ஒருமுறை, ஆறு மாதம் கழித்து ஒருமுறை மறுபடி பார்க்கவேண்டும். பிறகு நாங்கள் பயந்துகொண்டிருந்த விஷயத்துக்கு வந்தார்.

“விதிப்படி ரெண்டும் ஒரே இடத்துல இருக்கக்கூடாது. குடுவை இருக்கணும்னா பரிமளா இந்த லேபை விட்டுப் போகணும். கண்ணாடிப் பாத்திரம் கழுவுற செக்‌ஷன்ல இடம் வாங்கித் தர்றேன், பர்மனென்ட் ஆகறது கஷ்டம். பரிமளா இருக்கணும்னா குடுவையை அழிக்கணும். வெளியூர் லேபுக்கு அனுப்பிடலாம், ஆனா அங்க போயிட்டா அது சௌம்யா கைக்கு வராது, அவங்க பேர்லதான் ஆராய்ச்சி வரும். சௌம்யா, இது உன் வேலை. உன் அஞ்சு மாசம். நீதான் சொல்லணும்.”

நான் முந்திக்கொண்டேன். “நான் போறேன் சார். பாத்திரம் கழுவறது எனக்குப் புதுசு இல்ல. வீட்டுலயும் அதான் பண்றேன்.” சிரிக்க வைக்கலாம் என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. உண்மையில் எனக்குப் போக மனமே இல்லை. கஸ்தூரி டீச்சரின் கண்ணாடித் துண்டைப் பார்த்த நாளிலிருந்து நான் தேடிவந்த வேலை இது.

சௌம்யா எழுந்தாள். “சார், குடுவை மறுபடி பண்ணலாம்.” அத்தனையும் தமிழில் சொன்னாள், எனக்காகத்தான் என்று நினைக்கிறேன். “எட்டு தடவை செத்துச்சு. ஒன்பதாவது வளந்துச்சு. ரத்தத்தால வளந்துச்சா, அக்கா கையால வளந்துச்சா? யாருக்குத் தெரியும்? ரத்தம் ஊர்ல எல்லார்கிட்டயும் இருக்கு. இந்தக் கை எங்க போய் வாங்கறது?”

சார் வாயைத் திறந்தார். அவள் அதற்குள் அறைக்குள் போய்விட்டாள்.

நான் உள்ளே போகக்கூடாது, அந்தக் குடுவை இருக்கும் வரை. கதவில் இருந்த கண்ணாடிச் சதுரம் வழியாகப் பார்த்தேன். அங்கி மாட்டி, இரண்டு கையுறை போட்டு, இன்குபேட்டரைத் திறந்து அதை எடுத்தாள். நல்ல மஞ்சளாக இருந்தது. அன்று காலையில் நான்தான் திரவம் மாற்றியிருந்தேன். உறைகுளிரில் வைத்திருந்த நான்கு சிறு குப்பிகளையும் எடுத்து வரிசையாக வைத்தாள். ப்ளீச்சிங் நீரை அளந்து ஊற்றினாள். மஞ்சள் போய்த் தெளிந்தது. கடிகாரத்தைப் பார்த்தபடி, சொல்லப்பட்ட நேரம் முழுக்க நகராமல் அங்கேயே நின்றாள். அழிந்தது என்னுடைய உயிர் என்று எனக்குத் தோன்றவில்லை. அவளுடைய ஐந்து மாதம் என்றுதான் தோன்றியது.

வெளியே வந்தபோது அவள் குழாயடிக்குப் போகவில்லை. நேராக என்னிடம் வந்தாள்.

“இப்பவே போன் பண்ணி நாளைக்கு ரத்தப் பை சொல்றேன் அக்கா. லேடீஸ் டோனர் மட்டும் கேக்கறேன், அப்பத்தான் ப்ரூஃப் ஈஸி. எட்டு மணிக்கு வந்துடுங்க. பஸ் லேட்டுன்னு கதை சொல்லாதீங்க.”

7

அதன்பிறகு நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். மூன்று மாதத்திலும் ஆறு மாதத்திலும் என் ரத்தம் சுத்தமாகவே இருந்தது. இரண்டாவது சீட்டு வந்த அன்று சேகர் ஓர் அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கிவந்து தெருவுக்கே கொடுத்தார், காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் “சும்மாதான்” என்றார். நஞ்சுண்டப்பாவிடம் நானே போய்ப் பேசினேன். உங்கள் முகாம் ரத்தத்தில் ஒரு துளி ஆராய்ச்சிக்கும் போகும் என்று கொடுப்பவர்களுக்குச் சொல்லவேண்டாமா என்றேன். அவர் அடுத்த வருடம் ரத்த வங்கிக்காரர்களோடு சண்டைபோட்டு, படிவத்தில் சம்மதமா என்று ஒரு வரி சேர்க்கவைத்தார், கன்னடத்திலும் தமிழிலும். தமிழ் வரியை எழுதிக் கொடுத்தது நான். இன்றும் முகாமுக்குப் போகிறேன், ரத்தம் கொடுக்கிறேன். என் பை எங்கள் ஆய்வகத்துக்கு வராதபடி மேலே சிவப்பு மையில் ஒரு குறிப்பு இருக்கும்.

பத்தாவது செத்தது. பதினொன்றும் பன்னிரண்டும் செத்தன. சௌம்யாவின் மாப்பிள்ளை வீட்டாரிடம் நானே போனில் பேசினேன், என் கன்னடத்தில். பாவம், அவர்கள் பதில் பேசமுடியாமல் சரி என்றார்கள். பதிமூன்றாவது, ஸ்ரீராம்புரம் முகாமில் வந்த ஒரு பெண்ணின் ரத்தம். வயது இருபத்தாறு, அதற்குமேல் எதுவும் தெரியாது. நான்காம் மாதம் மஞ்சளானது. ஏழாம் மாதம் புரதம் இல்லாமல் வளர்ந்தது. குரோமோசோம் பெண் என்றே வந்தது. அந்த அணுக்கள் இன்றும் எங்கள் உறைகுளிர்ப் பெட்டியில் இருக்கின்றன. அவற்றை வைத்து, அணுக்கள் ஏன் சாக மறுக்கின்றன என்ற கேள்வியை ஒரு படியாவது நகர்த்தியிருக்கிறோம். மருந்து இன்னும் வரவில்லை. வரும் என்று நம்புகிறேன், எண்ணிக்கை மட்டும் எழுதிக்கொண்டிருந்த காலம் எனக்குப் போய்விட்டது.

சௌம்யாவின் ஆய்வேடு தடித்த நீல அட்டையில் வந்தது. நன்றியுரையில் என் பெயர் இருந்தது, எல்லார் பெயரும் இருக்கும். நான் பின்னால் இருந்த அட்டவணையைத் தேடிப் போனேன். ரத்தம் கொடுத்தவர்களின் பட்டியல்: எண், வயது, முடிவு, குறிப்பு. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன். எட்டாவதில் ‘வளரவில்லை’ என்று இருந்தது. ஒன்பதாவதில் இப்படி: ‘நன்றாக வளர்ந்தது. அழிக்கப்பட்டது. காரணம்: கொடுத்தவர் எங்களைச் சேர்ந்தவர்.’

இந்த ஊரில் நான் பூர்த்தி செய்த படிவங்களுக்குக் கணக்கே இல்லை. எல்லாவற்றிலும் சொந்த ஊர் என்ற இடத்தில் குடியாத்தம் என்றுதான் எழுதினேன், இனியும் அப்படித்தான் எழுதுவேன். அன்று அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுக்கக் கொண்டுபோனேன். “முழுப் புத்தகமும் பேக்கா மேடம்?” என்று கேட்டார் கடைக்காரர். வேண்டாம், இந்த ஒரு பக்கம் போதும் என்றேன். ஏதோ சான்றிதழ் என்று நினைத்துக்கொண்டு, எத்தனை காப்பி என்று கேட்டார்.